காலிக் கட்டம்: கேள்வி–பதில்

கேள்வி: பத்துக் கோடிப் பதிவுள்ள டேபிள். எந்த நெடுவரிசையில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று எப்படி அறிவது?

பதில்: கவுன்ட்டுக்குள் நட்சத்திரம் போட்டால் எல்லாப் பதிவையும் எண்ணும். நெடுவரிசைப் பெயரைப் போட்டால் 'நல்' (NULL) எனப்படும் காலிக் கட்டங்களை விட்டுவிட்டு எண்ணும். கழித்துக்கொள்ளுங்கள். நாற்பது நெடுவரிசைக்கும் ஒரே குவெரி போதும். நாற்பது தடவை டேபிளைப் புரட்டினால் டேட்டாபேஸ் நிர்வாகியான டி.பி.ஏ. உங்களைப் புரட்டிவிடுவார்.

கே: மேலாளர் தலைமேல் நிற்கிறார். உடனே வேண்டும்!

ப: போஸ்ட்கிரெஸ் என்றால் அனலைஸ் கட்டளை எடுத்துவைத்த மதிப்பீடு பிஜி ஸ்டாட்ஸில் இருக்கும். அவரை உட்காரவைக்கப் போதும். அறிக்கையில் கையெழுத்திடப் போதாது.

கே: 'ஈக்வல் நல்' என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. டேட்டா சுத்தம்தானே?

ப: தெரியாததும் தெரியாததும் சமமா? அதுவும் தெரியாது! 'இஸ் நல்' என்று கேளுங்கள். 'நாட் இன்' பட்டியலில் ஒரே ஒரு நல் புகுந்தால் போதும், விடை மொத்தமும் காலி. குடம் பாலில் துளி விஷம்.

கே: எங்கள் டேபிளில் நல்லே கிடையாது. நிம்மதி!

ப: 1900 ஜனவரி 1-இல் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பத்து ஒன்பது போட்ட கைபேசி எண்? 'கட்டாயம் நிரப்பவும்' என்று படிவம் மிரட்டினால் ஜனங்கள் எதையாவது நிரப்புவார்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் அதிகம் திரும்பி வரும் மதிப்புகளை இறங்குவரிசையில் எடுங்கள். புள்ளி, ஹைஃபன், வெற்றிடம், 'என்ஏ' என்று வேஷம் கட்டியதெல்லாம் மேலேயே நிற்கும். ஆரக்கிளில் வெற்றுச் சரமே நல்தான். வேறு டேட்டாபேஸுக்கு மாறும்போது எண்ணிக்கையும் மாறும், ஜாக்கிரதை.

கே: காலி இடத்தில் பூஜ்யம் போடலாமா?

ப: நான்கு பேரில் இருவர் சம்பளம் 40,000, இருவர் சொல்லவில்லை. சராசரி 40,000. பூஜ்யம் போட்டால் 20,000. வாய் திறக்காதவரை வறியவராக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

கே: மணமாகாதவரின் துணைவர் பெயர் காலி. இதுவும் குறையா?

ப: இல்லை. 'தெரியவில்லை' வேறு, 'பொருந்தாது' வேறு. ரிலேஷனல் மாதிரியைத் தந்த காட், 1990-இல் வெளியிட்ட நூலில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி கேட்டார். எஸ்க்யூஎல் ஒன்றே போதுமென்று இருந்துவிட்டது. உங்கள் அறிக்கையாவது பிரித்துச் சொல்லட்டும்.

கே: '7 சதவீதம் விடுபட்டது' என்று எழுதினால் போதாதா?

ப: மாதவாரியாக, கிளைவாரியாக உடையுங்கள். பரவலாக இருந்தால் படிவத்தைப் பாருங்கள். ஒரே கிளையில் ஒரே மாதம் மொத்தமும் காலி என்றால் டேட்டா லோடு படுத்துவிட்டது. வந்தே சேராத பதிவுக்கு நல்லும் இருக்காது. நாட்காட்டி டேபிளோடு லெஃப்ட் ஜாயின் போட்டால்தான் அந்த ஓட்டை தெரியும்.

கே: சில வாடிக்கையாளர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுமே 0. எந்த ஊர்?

ப: கினி வளைகுடா, நடுக்கடல். டெலிவரி பையனுக்கு நீச்சல் தெரியுமா?