நாலு டிஸ்கிரிப்டர் கணவன்

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ரியல்டெக் 8139 என்ற நெட்வொர்க் கார்டு இருக்கிறது. விலை மலிவு என்பதால் உலகமெல்லாம் விற்றுத் தள்ளிய சரக்கு. 1990-களின் இறுதியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலில் இதை இயக்கும் டிரைவரை எழுதிய பில் பால், புரோகிராமின் ஆரம்பத்திலேயே கமெண்ட் போட்டுத் திட்டித் தீர்த்திருக்கிறார். மட்டரகம் என்பதற்கே இது புது அர்த்தம் கொடுத்துவிட்டது என்கிற தினுசில்.

படித்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் அடுக்குகிற குற்றமெல்லாம் வீட்டில் என்னைப் பற்றி ஏற்கெனவே கேட்டவை.

வந்து சேரும் பாக்கெட்டுகளை இந்தக் கார்டு ஒரே பஃபரில் வரிசையாகக் கொட்டிவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வேறிடத்தில் காப்பி பண்ணிவைப்பது டிரைவரின் தலைவிதி. நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பும் லட்சணமும் இதுதான். அடியில் கொத்தமல்லி, நடுவில் தக்காளி, மேலே பூசணிக்காய், எல்லாம் ஒரே பையில். பிரிப்பது என் மனைவி. (தக்காளியைப் பிரிக்க முடிவதில்லை, வழித்துத்தான் எடுக்க வேண்டும்.)

அனுப்புகிற பக்கம் அதைவிட மோசம். அனுப்பவேண்டிய பாக்கெட்டைக் குறித்துக் கொடுக்கும் டிஸ்கிரிப்டர் நாலே நாலு. நாலு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டால் ஒன்றாவது போய்ச் சேரும்வரை ஐந்தாவது காத்திருக்க வேண்டியதுதான்.

"பரவாயில்லையே, அது அஞ்சாவதைக் காக்க வைக்குது. நீங்க மறந்தே போயிடுவீங்க" என்றாள் மனைவி.

சிப்பில் மிச்சம் பிடித்த காசுக்கு சிபியு உழைத்துக் கொட்டுகிறது. போதாக்குறைக்கு, ஃப்ரீபிஎஸ்டியின் ஒவ்வொரு நெட்வொர்க் டிரைவரும் கியூ, இன்டரப்ட் என்று ஒரே சங்கதியைத் தனித்தனியாக எழுதிவைத்திருந்தது. 2016-இல் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 11-இல் 'ஐஎஃப்லிப்' வந்தது. பொதுவான வேலையெல்லாம் அதன் பொறுப்பு. அந்தந்தக் கார்டின் தனிக்கூத்துகளை மட்டும் டிரைவர் சொன்னால் போதும். இன்டெல்லின் இஎம், ஐஜிபி என்ற இரண்டு டிரைவர்கள் பிறகு ஒன்றாகவே இணைந்தன. இதையும் மனைவியிடம் விளக்கினேன்.

"உங்க தனிக்கூத்துதானே இங்க முழுநேர வேலை?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

2021-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 13-இல் பழைய கார்டுகளின் டிரைவர்கள் பலவற்றை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த என்இ2000 வகைக் கார்டுகளின் டிரைவரும் போயிற்று. 8139-இன் டிரைவரில் மட்டும் கை வைக்கவில்லை. மட்டரகம்தான், ஆனால் எந்த வீட்டைத் திறந்தாலும் ஒன்று இருக்கிறதே!