ஆடு விட்டுவைத்த பூக்கள்

கோடையில் தமிழ்நாட்டுக் கிராமச் சாலையோரம் பூத்திருக்கும் செடிகளுக்குப் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு: பெரும்பாலும் அவை ஆடு தின்னாதவை. புல்லெல்லாம் கருகிக் கிடக்கும் தரையில் ஒரு செடி நிமிர்ந்து நின்று, பூவும் பூக்கிறதென்றால், அதன் உடம்பில் பாலோ முள்ளோ நஞ்சோ ஏதோ ஒன்று இருக்கிறது. நாட்டுப்புறத்தார் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஆடு தொடாதது ஆடாதோடை. ஆடு தின்னாதது ஆடுதின்னாப்பாளை. பெயர் வைக்க நிறம், மணம் என்று எத்தனையோ இருக்க, இந்த இரண்டுக்கும் ஆட்டின் கருத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

வரிசையில் முதலிடம் எருக்குக்கு. தார் இளகும் வெயிலிலும் இலையில் சாம்பல் பூசிய சாமியார்போல் அசையாமல் நிற்கும். ஊதாப் பூவின் நடுவே ஐந்து முனைக் கிரீடம். மகரந்தம் தூளாக உதிராது. சின்னஞ்சிறு பைகளாக வண்டின் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் பயணம் போகும். மொட்டை நசுக்கி 'பட்' என்ற சத்தம் கேட்பது பள்ளிக்கூடப் பழக்கம். ஐம்பது வயதானாலும் அது பலரை விடுவதில்லை. அந்தக் கையால் கண்ணை மட்டும் கசக்கக் கூடாது. எருக்கம்பால் பார்வையையே கெடுத்துவிடும்.

பிரம்மதண்டு மெக்சிகோவிலிருந்து வந்தது. இதழ் மஞ்சள் பட்டுத்துணி. இலை முழுக்க முள். விதை கடுகைப்போலவே இருக்கும். 1998இல் டெல்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் பலர் உயிரிழந்தார்கள். மனிதர் ஏமாறும் இடத்தில் ஆடு ஏமாறுவதில்லை.

ஒரு கோடைமழை விழுந்தால் நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சளாகச் சிரிக்கும். முதலில் பூ, பிறகு முள் என்ற அதன் குணத்தைக் காதலனோடு ஒப்பிட்டு அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில் பாடிவிட்டார். காய் ஐந்தாகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்தே கிடக்கும். காதலனைப் பற்றிய உவமை சைக்கிள் டயருக்கும் பொருந்துகிறது.

ஏரிக்கரைக்கு வந்தால் நெய்வேலிக் காட்டாமணக்கு. இது நெய்வேலியைச் சேர்ந்ததல்ல, வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆமணக்கும் அல்ல, பொழுது விடிந்ததும் பூக்கும் கொடிகளின் பங்காளி. ஒரு குச்சியை ஒடித்து எறிந்தால், எறிந்த இடத்தில் வேர்விடும். இளஞ்சிவப்பில் ஒலிபெருக்கிக் குழாய் வடிவப் பூக்கள், கல்யாண வீட்டு வாசல்போல் கரை நெடுக. பஞ்சம் பொறுக்காமல் இதை மேயத் தொடங்கிய ஆடு, பிறகு இதைத் தேடியே போகும், தள்ளாடி நடக்கும், தலை ஆடும். ஆட்டின் நடத்தையில் மனிதச் சாயல் தெரியும் ஒரே சந்தர்ப்பம் இது.

பெயர் பொய் சொல்லும் இன்னொன்று ஆகாயத்தாமரை. ஆகாயமும் கிடையாது, தாமரையும் கிடையாது, தென்னமெரிக்கச் சரக்கு. இலைக்காம்பு பஞ்சுப்பை மாதிரி உப்பியிருப்பதால் மிதக்கிறது. மேலிதழில் மயில்கண்போல ஒரு மஞ்சள் பொட்டு. காரை நிறுத்திய நகரவாசிகள் "அடடா!" என்பார்கள். அதே பூவைப் பார்த்து அந்த ஏரியில் வலை வீசுகிறவர் சொல்வது அச்சிடத் தக்கதல்ல.

தண்ணீர் மிஞ்சிய குளங்களில் அல்லியும் தாமரையும் உண்டு. வெள்ளல்லி இரவில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். இட்லி முடித்து, காபி முடித்து, பத்து மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு மொட்டுதான் காட்சி. தாமரைப் பூ தன் உள்சூட்டை 30 டிகிரிக்கு மேல் தானே காத்துக்கொள்ளும். காற்று குளிர்ந்தாலும் உள்ளே வண்டுக்குக் கதகதப்பு. மே மாதத்தில் அந்த வசதிக்குக் கிராக்கி இருக்காது.

பூ ரசிகர்களின் அறிவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கினார். இன்றைய ரசிகரிடம் இருப்பது மூன்று வகை: மஞ்சப் பூ, வெள்ளைப் பூ, 'இது ஏதோ மூலிகைன்னு சொல்வாங்க'.

சாலையோரம் குனிந்து பூவைப் படமெடுப்பவரை ஊர்க்காரர் ஒருவர் நின்று பார்ப்பது வழக்கம். முதல் கேள்வி, "வண்டி பஞ்சரா சார்?" இல்லையென்றால் அடுத்தது, "இடம் பாக்க வந்தீங்களா?" பூப் பார்க்க வந்ததாகச் சொன்னால் அவர் முகம் மாறும். கொஞ்சம் யோசித்து, சென்ட் என்ன விலை போகிறது என்பதையும் சொல்லிவிட்டே நகர்வார்.

இந்தப் பூக்களைப் பார்க்க ஏற்ற நேரம் காலை ஆறு முதல் எட்டு வரை. தொப்பி, தண்ணீர், தடித்த அடியுள்ள செருப்பு அவசியம். எதைத் தொடலாம் என்ற சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஆடு மேய்ப்பவரைக் கேட்கலாம். அவரும் இல்லையென்றால், ஆட்டைப் பார்த்தால் போதும்.