பாரிசு போற பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, பாரிசுல இருக்கற ஒன் மாமனாரு வழிச் சொந்தம் ஒன்ன விருந்துக்குக் கூப்ட்டாங்களாமே? அங்க வாடகைக் கார் எடுத்து நீயே ஓட்டப் போறியாம். ஓட்டு, ஓட்டு. திண்டிவனத்துல மிதிச்சா விழுப்புரம் வர்றதுக்குள்ள விக்கிரவாண்டி டோல்கேட்டத் தவிர எங்கியும் பிரேக்கத் தொடாத ஆளாச்சே நீ. ஆர்டிஓ ஆபீசுல சர்வதேச பர்மிட்டு குடுப்பாங்க, ஒரு வருசம் செல்லும். அது ஓட்டறதுக்குத்தான், பறக்கறதுக்கு இல்ல.

அங்க புளியமரத்துக்குப் பின்னாடி நின்னு கைகாட்ற ஏட்டய்யா கெடையாது. "நான் இன்னார் வூட்டுப் புள்ள"ன்னு சொல்லலாம்னா, கேக்கறதுக்குக் காது வேணுமே! கேமராதான் நிக்கும். 2003லயே வெக்க ஆரம்பிச்சிட்டான். அது நம்பரப் படம் புடிக்கும், வண்டி குடுத்த கம்பெனிக்குக் காயிதம் போவும். அவன் ஒன்ன வுட்டுக் குடுக்க மாட்டான்னு நெனைச்சிக்காத. நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேரு, வெலாசம் எல்லாத்தையும் எழுதி அனுப்பிட்டு, அந்த வேலைக்குக் கூலியையும் ஒன் கார்டுலயே புடிச்சிப்பான். மாட்னவன்கிட்டயே காசு வாங்கிக்கிட்டுக் காட்டிக் குடுக்கற தொழிலு நம்ம சந்தையில கூட இன்னும் வரல.

நீ ஊருக்கு வந்து, வாங்கியாந்த சென்ட்ட எல்லார் சட்டையிலயும் அடிச்சிக் காட்டிக்கிட்டு இருக்கும்போது தபால் வரும். பாரிசுக்குள்ள முக்காவாசித் தெருவுல 30லதான் போவணும், கொஞ்சம் மிஞ்சினதுக்கு 135 யூரோ. நம்ம காசுக்குப் பத்தாயிரத்தத் தாண்டும். சுருக்கக் கட்னா 90, காயிதத்த மடிச்சிப் பரண்ல போட்டா 375.

பின்லாந்துப் பக்கம் மட்டும் வண்டியத் திருப்பிடாத. வேகம் ரொம்ப மிஞ்சினா, அங்க வருமானத்தப் பாத்துத்தான் அபராதமே போடுவான். 2001ல நோக்கியா கம்பெனிப் பெரிய மனுசன் ஒருத்தரு, 50ல போவற எடத்துல 75ல பைக்கு ஓட்டிட்டாரு. 1,16,000 யூரோ தீட்டிட்டான்! அப்பறம் அவரு முட்டி மோதிக் கொறச்சிக்கிட்டாருன்னு வெச்சிக்கோ. பொண்ணு பாக்கப் போனப்ப நீ சொன்ன சம்பளத்த அங்கயும் போயிச் சொல்லித் தொலைக்காத.

இங்க மட்டும் வாழுதுன்னு நெனைக்கறியா? 2019ல சட்டத்தத் திருத்தினதுலேருந்து காருக்கு ஆயிரத்துக்குக் கொறைஞ்சி இல்ல. கேமரா புடிச்சா 15 நாளுக்குள்ள நோட்டீசு அனுப்பணும்னு 2021லயே விதி வந்துடுச்சி. போனுக்கே வருது செல்லானு. வண்டி ஒங்கப்பன் பேர்ல இருக்குடா, மெசேஜும் அவருக்குத்தான் போவும்.