திருமுக்கூடல் அடுப்புப் படிவுகள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் எங்கள் ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். இது எல்லோருக்கும் தெரியும். அதே மூன்றும் எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்பின் மேலும் கூடுகின்றன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை இதுவரை யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை என்கிறாள் என் மனைவி. புதிய கருதுகோள் எதுவும் முதலில் வீட்டுக்குள்ளேதான் எதிர்ப்பைச் சந்திக்கிறது.

முதலில் சொல்லாராய்ச்சி. பாலாறு பற்றி விளக்கம் தேவையில்லை. ஊருக்கு வெளியே ஓடும் பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கிடக்கிறது. 2021 நவம்பரில் வந்த மாதிரி வெள்ளம் எப்போதாவது வந்தால் ஊரே பாலத்துக்குப் போய் நின்று பார்க்கும். அடுப்பின் பாலாறு அப்படியல்ல. வாரம் இருமுறை கரை புரளும். பார்க்கத்தான் அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை. செய்யாற்றைச் சேயாறு, முருகனுக்காக உண்டான ஆறு என்று புராணக்காரர்கள் சொல்வார்கள். நமக்கு வேண்டியது செய்ய ஆறு, அதாவது சிவந்த ஆறு. சாம்பார், காரக்குழம்பு, தாளிக்கும்போது தெறிக்கும் மிளகாய் எண்ணெய் எல்லாம் இதன் கிளைகள்.

வேகவதி சற்றுச் சிக்கலானது. வேகமாக வருகிறவள் என்று பொருள். கோபம் கொண்ட சரஸ்வதி பிரம்மாவின் வேள்வியை அழிக்க வேகவதியாகப் பெருகி வந்தாள் என்றும், காஞ்சியில் பெருமாள் அதன் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தார் என்றும் தலபுராணம். திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாளாக இன்றும் படுத்திருக்கிறார். சோறு பொங்கும்போது பானையின் வாயில் குறுக்கே ஒரு மரக்கரண்டியைக் கிடத்தி வைப்பாளே என் அம்மா, அந்தத் தொழில்நுட்பத்துக்கு மூலம் இதுதான் என்பது என் துணிபு. குமிழி கரண்டியில் பட்டு உடையும், கஞ்சி அடங்கும். வேகிற பொருளிலிருந்து வருவதால் வேகவதி என்று பிரிப்பதை வடமொழி அறிஞர்கள் ஏற்க மாட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் குக்கர் கழுவியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்கிறேன்.

அடுத்தது கல்வெட்டுச் சான்று. எங்கள் ஊர் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. கோயிலோடு ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை. வைத்தியர் யார், அறுவை செய்பவர் யார், மூலிகையும் விறகும் கொண்டுவருபவர் யார், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர், யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று எழுதி, சேமித்து வைத்த மருந்துகளையும் பெயர் பெயராகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பழகிய நெய் ஒன்று. நெய்யை நாள்பட வைத்திருந்து பயன்படுத்துவது இந்த ஊரில் ஆயிரம் ஆண்டு மரபு என்பது இதனால் தெளிவு. எங்கள் அடுப்பில் பர்னருக்குக் கீழே இருக்கும் தட்டைத் தூக்கினால் அந்த மரபின் தொடர்ச்சியைக் காணலாம்.

விடுதிவாசிகள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்கும் அதே கல்வெட்டில் ஏற்பாடு உண்டு. உடம்புக்கு வாரம் ஒருமுறை என்றால் அடுப்புக்கு? அம்மா வழக்கப்படி வியாழக்கிழமை இரவு. விடிந்தால் வெள்ளிக்கிழமை, அடுப்புக்குப் பொட்டு வைக்க வேண்டும், அழுக்கின் மேல் பொட்டு வைக்க முடியாது. இந்தத் தர்க்கத்தில் நான் குறை காணவில்லை.

இங்கே ஒரு சொல் தெளிவு. மேல்நாட்டார் கேஸ் அவன் கழுவுவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர்களுடைய அவன் கதவு போட்ட பெட்டி; நம்மூரில் அது பேக்கரியில்தான் இருக்கும். நம் அடுப்புக்குக் கதவு கிடையாது. அதன் பாவங்கள் திறந்த வெளியில் நடக்கின்றன.

இனிப் படிவுகளுக்கு வருவோம். பாலும் கஞ்சியும் வழிந்த அன்றே துடைத்தால் ஈரத்துணி போதும். எண்ணெய்தான் வில்லன். சூட்டில் காற்றோடு சேர்ந்து அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ் போல இறுகிவிடுகின்றன. முதலில் பிசுக்கு, பிறகு மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் நகத்தால் சுரண்டினாலும் வராத கறுப்பு. இதே படலத்தைத்தான் புது இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக் காயவைத்து வேண்டுமென்றே ஏற்றுகிறோம், கல் பழகிவிட்டது என்று அண்டை வீட்டில் பீற்றிக்கொள்கிறோம். கல்லில் இருந்தால் பெருமை, இரண்டு அங்குலம் கீழே அடுப்பில் இருந்தால் மானக்கேடு. வேதியியலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

எண்ணெயைக் காரம் போட்டு வேகவைத்தால் சோப்பாகிறது. இதற்குள் நடப்பது என்ன என்பதை 1823இல் புத்தகமாக எழுதியவர் பிரெஞ்சுக்காரர் செவ்ரல். அடுத்த ஆண்டே அவர் பாரிஸில் கோபலன் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். கொழுப்பும் சாயமும் அறிந்த மனிதர், காஞ்சிபுரத்தில் பிறந்திருக்க வேண்டியவர். 102 வயது வரை இருந்தார். அடுப்பு துடைப்பதற்கும் ஆயுளுக்கும் தொடர்புண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

காஞ்சிபுரம் என்றது உவமைக்காக அல்ல. பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் களப்பணி செய்தேன். பட்டுப்பூச்சி விட்ட நூல் அப்படியே தறிக்குப் போவதில்லை. மேலே செரிசின் என்னும் பசை இருக்கிறது. நூலின் எடையில் நாலில் ஒரு பங்கு வரைகூட இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை முக்கியெடுத்தால் பசை கழன்று, முரட்டு நூல் பளபளக்கும். அதன் பிறகுதான் சாயம். காரம் குறைந்தால் பசை நிற்கும், கூடினால் பட்டே நைந்துபோகும். "அளவு கண்ணுல இருக்கணும் மாமா," என்றார். அடுப்புக்கும் இதேதானே என்று கேட்டேன். அதற்கு அவர், "அக்கா உங்கள அனுப்பிச்சாங்களா?" என்றார்.

அளவு தவறும் இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். வாஷிங் சோடா நல்ல காரம், பிசுக்கை உரிக்கும். ஆனால் அலுமினியத்தை அரிக்கும். பல அடுப்புகளில் பர்னரின் அடிப்பாகம் அலுமினியம், மேல்மூடி பித்தளை. எனவே கம்பி ஸ்டாண்டையும் எவர்சில்வர் தட்டையும் சோடா போட்ட வெந்நீரில் அரைமணி ஊறவிடலாம். அலுமினியத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும். பித்தளை மூடிக்குப் புளி. புளியின் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடுகிறது, குத்துவிளக்குக்கு நாம் செய்வதுதான்.

சமையல் சோடா மேல் எலுமிச்சையைப் பிழிந்து நுரை எழுப்புவது இப்போது பெரிய மோஸ்தர். நுரை பார்க்க அழகு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிக்கொண்டு போனபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்பும் தண்ணீரும். அழுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். சோடா தனியாக, புளி தனியாக, நடுவில் நல்ல தண்ணீர். பிளீச்சிங் பவுடரோடு எந்தப் புளிப்பையும் சேர்க்கவே கூடாது; வருவது குளோரின், அதில் ஆராய்ச்சி மனப்பான்மை வேண்டாம்.

கடையில் வாங்கும் இந்தச் சரக்கு எதுவும் என் பாட்டிக்குத் தேவைப்படவில்லை. அவளுடைய விறகடுப்பு சாம்பலைத் தந்தது. சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். தேங்காய் நாரால் சாம்பலைத் தொட்டு எண்ணெய்ப் பாத்திரத்தைத் தேய்த்தபோதெல்லாம் அவள் கையடியில் கொஞ்சம் சோப்பு உருவாகிக்கொண்டிருந்தது. அழுக்கைக் கொடுத்த அடுப்பே அதற்கு மருந்தையும் கொடுத்தது. அடுப்பின் மேனியில் எது வழிந்தாலும் அதன் மேல் சாணி மெழுகிவிட்டால் தீர்ந்தது. கீழேயுள்ள படிவு அடுத்த தலைமுறைக்கு. 2007இல் தமிழக அரசு இலவசக் கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தபின் எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் புகை போனது, இருமல் குறைந்தது, சாம்பலும் போயிற்று. அதன் இடத்தில் பச்சை நிறச் சோப்புக் கட்டியும் கம்பி நாரும் மளிகைக் கணக்கில் ஏறின. கேஸ் அடுப்பின் மேல் சாணி மெழுகவும் முடியாது.

இப்போது செய்முறை. ஆய்வாளனாகிய நானே செய்தது.

ரெகுலேட்டரை மூடு, அடுப்பின் திருகையும் மூடு, அடுப்பு ஆறட்டும். ரெகுலேட்டரை முதலில் மூடி, டியூபில் மிச்சமிருப்பது எரிந்து அணையும்வரை விட்டு, பிறகு திருகை மூடினால் இன்னும் நல்லது. கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்பென்றால் சூட்டோடு தண்ணீர் ஊற்றாதே. ஸ்டாண்டு, பர்னர், தட்டு எல்லாவற்றையும் கழற்றும்போதே எது எந்தப் பக்கத்தது என்று பார்த்து வை. பெரிய பர்னரும் சிறிய பர்னரும் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும். அடுப்பு உடம்பை ஈரத்துணியால் துடைக்கலாம், குழாயடியில் வைத்துக் குளிப்பாட்டக் கூடாது.

பர்னரின் சின்னத் துளைகளில்தான் சூட்சுமம். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 பங்கு. சிலிண்டரில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டும்தான். நாசிலிலிருந்து பாய்ந்து வரும் கேஸ் போகிற போக்கில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழலுக்குள் கலந்து துளைகளில் எரிகிறது. 1855இல் புன்சன் தன் ஆய்வுக்கூடத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இதுவே. துளை அடைத்தால் காற்றுக் கணக்கு கெடும். நீலச் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி ஏறும், கார்பன் மோனாக்சைடும் வரும். குழலுக்குள் குளவி மண்கூடு கட்டினாலும் சிலந்தி வலை பின்னினாலும் இதே கதிதான். துளைகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, துடைப்பக் குச்சியால் குத்தலாம்.

நாசிலைக் குத்தக் கூடாது. இதை எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு. போன வருஷம் ஒரு ஊக்கை எடுத்து அதைக் குடைந்தேன். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதானது, கேஸ் அதிகமாக வந்தது, காற்று அதே அளவு. சுடர் கோயில் பந்தம் மாதிரி மஞ்சளாக ஆடியது. இரண்டு நாள் குக்கரின் அடி கறுத்தபின் மெக்கானிக் வந்தார். கழற்றிப் பார்த்துவிட்டு, "யார் சார் இதக் கொடஞ்சது?" என்றார். மனைவி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுவியவற்றைக் கவிழ்த்து நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். துளையில் ஈரம் நின்றால் சுடர் படபடக்கும். டியூபை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபில் அச்சிட்ட ஆண்டைப் படிப்பதும் அப்போதே செய்யலாம், ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டும். இணைப்பில் சோப்பு நுரை தடவி, ரெகுலேட்டரைத் திறந்து பார்த்தால் கசிவிருக்கும் இடம் குமிழி விடும். தீக்குச்சி காட்டிக் கசிவு தேடுகிறவர்கள் ஆய்வு முடிவை எழுத இருப்பதில்லை. கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, நாம் மோப்பம் பிடிப்பதற்காக மெர்காப்டன் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமாதலால் தரையில் தேங்கும். நாற்றம் வந்தால் ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு, எந்த ஸ்விட்சையும் தொடாதே, வெளியே வந்து 1906க்குப் போன் செய்.

கடைசியாக, இந்த ஆய்வின் மணிமுடியாக நான் கருதியிருந்த கண்டுபிடிப்பு. இடது பர்னரின் தட்டுக்கு அடியில், மூன்று அடுக்குகளுக்குக் கீழே, பளிங்கு போன்ற ஒரு பழுப்புப் படிவு கிடைத்தது. இனிப்பு வாசனை. தை மாதம் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் வந்து, ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு எழுந்தருளுவார். அன்று வீடு கொள்ளாத உறவு, அண்டா கொள்ளாத சர்க்கரைப் பொங்கல். ஆகவே இது தைத் திங்கள் வெல்லப்பாகு, இதற்குப் பார்வேட்டைப் படிவு என்று பெயரிடலாம் என்று அம்மாவிடம் விளக்கினேன். அவள் சுண்டுவிரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"வெல்லமாடா இது? போன ஞாயித்துக்கெழம நான் காபி போடறேன்னு அடுப்பு முன்னாடி நின்னியே, பேப்பர் படிச்சிக்கிட்டு. சக்கரை போட்ட பால்."

மேலே இருந்த மூன்று அடுக்குகள் நான்கு நாளில் எப்படி வந்தன என்று கேட்டேன். நான்கு நாளும் வீட்டில்தானே சாப்பிட்டாய் என்றாள். காலக்கணிப்பு முறைகளில் உள்ள இடர்ப்பாடுகள் குறித்துத் தனியே எழுத வேண்டும்.

பத்து மணிக்கு எல்லாம் மாட்டி முடித்தேன். அம்மா ஊறவைத்த அரிசியை அம்மியில் மையாக அரைத்துக் கொண்டுவந்தாள். துடைத்த அடுப்பின் எவர்சில்வர் மேல், இரண்டு பர்னருக்கும் நடுவில், விரலில் மாவைத் தொட்டு நாலு புள்ளிக் கோலம் போட்டாள். ஒரு கோடு ஈரத்தோடு வழிந்து இடது பர்னர் தட்டுக்கு அடியில் போயிற்று. வேகவதி, நேரம் 10.20 என்று குறித்துக்கொண்டேன்.