இருநூறு ரூபாய் சவுண்டு கார்டு: ஒரு பாடபேத ஆராய்ச்சி

ஆய்வுக்களம் காரைக்கால். மூன்று பக்கம் தமிழ்நாடு, நான்காம் பக்கம் வங்கக்கடல், பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஆய்வுப்பொருள்: மேசைக் கணினியில் பாட்டு வைத்தால் பாட்டோடு வேறு ஏதோவும் சேர்ந்து கேட்கிறதே, அதைக் குறைந்த செலவில் ஒழிப்பது எங்ஙனம்? இத்துறையில் முன்னோர் ஒரு வரியும் எழுதி வைக்காததால் மேற்கோளுக்குப் பஞ்சமில்லை.

எப்பொருளுக்கும் முதலில் தொன்மை காட்டுவது மரபு. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்டு பிளாஸ்டர் என்னும் சவுண்டு கார்டை வெளியிட்டதிலிருந்து கதையைத் தொடங்குவோர் பலர். கனடாவின் ஆட்லிப் அதற்கும் இரண்டாண்டு மூத்தது என்று திருத்துவோர் சிலர். இரு சாராரும் காரைக்காலை மறந்தனர். இன்றும் ஆனியில் மாங்கனித் திருவிழா எடுத்து இவ்வூர் கொண்டாடும் காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் இளி, விளரி, தாரம் எனச் சுரங்களையும், குடமுழா, தக்கை, வீணை, மத்தளம் எனக் கருவிகளையும் அடுக்கியிருக்கிறார். பல கருவிகளின் ஓசையை ஓரிடத்தில் சேர்ப்பது சவுண்டு கார்டின் தொழில். எனவே சவுண்டு கார்டு தோன்றிய இடம் காரைக்கால் என்பது துணிபு. இதைவிட மெல்லிய நூலில் முனைவர் பட்டங்கள் தொங்குகின்றன. ஒருவர் சொன்னதை மற்றவர் மேற்கோள் காட்டி, அவரை முதலாமவர் திரும்ப மேற்கோள் காட்டினால் மூன்று ஆதாரம் ஆயிற்று.

வேண்டாத ஓசை மூவகைப்படும்: உம், கீச், கரகர.

உம் என்பது 230 வோல்ட் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு, எர்த் கோளாறாலோ ஒயர்க் கோளாறாலோ ஸ்பீக்கருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்வது. கார்டை மாற்றினால் இது பெரும்பாலும் தீராது. மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை முறித்துவிடும் நாட்டு வைத்தியம் ஒன்று உண்டு. உம் போகும், ஒரு நாள் ஆளும் போவார்.

கீச் நுட்பமானது. மவுஸை நகர்த்தினால் கீச்சிடும், பக்கத்தை உருட்டினால் கீச்சிடும், கை நின்றால் தானும் நிற்கும். மதர்போர்டில் ஆடியோ சிப்புக்குப் பக்கத்திலேயே பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் நொடிக்கு நொடி கூட்டியும் குறைத்தும் கரண்டை இழுக்கின்றன. அந்த இழுபறிதான் பாட்டுக்குள் புகுகிறது. கேபினட்டின் முன்பக்கத் துளைக்குப் போகும் நீண்ட ஒயர் வழியெல்லாம் அதைச் சேகரித்துக்கொண்டே போகும். யுஎஸ்பி சவுண்டு கார்டின் பெருமை முழுவதும் இவ்வளவே: எண்களை ஒலியாக்கும் சிப்பை அந்த இரைச்சல் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

கரகர: உப்புக்காற்று. துளையைத் துடைக்கவும்.

இனி நூலின் உயிர்நிலை. கடையில் இருநூறு ரூபாய்ச் சொச்சத்துக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு பொருள் தருவார்கள். ஒரு முனையில் யுஎஸ்பி. மறுமுனையில் ஸ்பீக்கருக்குப் பச்சைத் துளை, மைக்குக்கு ரோஜாத் துளை. (இந்நிறங்களை விதித்தது மைக்ரோசாப்டும் இன்டெலும் சேர்ந்து எழுதிய ‘பிசி 99’ வழிகாட்டி, தொல்காப்பியர் மௌனம்.) அட்டையிலோ ‘7.1 சேனல்’ என்று பொறித்திருக்கும். 7.1 என்றால் ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூபர், ஆக எட்டுத் தனி ஒலி. பச்சைத் துளையில் வெளிவருவதோ இடம், வலம் என இரண்டு. எஞ்சிய ஆறு எங்கே?

இங்கே பிரதிகளை ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. முதற்பிரதி ‘7.1 சேனல்’ என்கிறது. இரண்டாம் பிரதியில் ‘விர்ச்சுவல் 7.1’ என்று பாடம். மூன்றாம் பிரதியில் விலைச்சீட்டு ஒட்டியதால் முற்பகுதி மறைந்து ‘1 சேனல்’ மட்டும் எஞ்சியுள்ளது. ரோஜாத் துளையில் மைக் ஒலி ஒற்றையாகவே உள்ளே போகும் ஆதலின், அத்துளையைப் பொறுத்தவரை இதுவே சுத்த பாடம். அஃதேல் ஏழு இடைச்செருகலோ எனின், அற்றன்று, எழுபிறப்பையும் கருதிற்று என்க (காண்க: அட்டையின் பின்புறம், எண்ணெய்க் கறைக்கு மேல்வரி, ஒப்பிடுக: கடைக்காரர், வாய்மொழி, கரண்ட் போன நேரம், மறுப்புரை: கடைக்காரரின் மைத்துனர், சுண்டல் தின்றபடி, மறுப்புக்கு மறுப்பு: அதே மைத்துனர், சுண்டல் தீர்ந்தபின்).

காரைக்கால்காரருக்கு இதில் குழப்பம் வரக் கூடாது. பிரெஞ்சுக்காரர் இவ்வூரை விட்டது நடைமுறையில் 1954 நவம்பர் 1. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16. அவ்வாறே 7.1 என்பது அட்டைப்படி எட்டு, நடைமுறையில் இரண்டு. நமக்கு எட்டு ஆண்டு இடைவெளி பழகிப்போனது. ஆறு ஸ்பீக்கர் இடைவெளி எம்மாத்திரம்?

விலை கூடிய கார்டுகள் 192 கிலோஹெர்ட்ஸ் என்று மார்தட்டும். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்குமேல் மாதிரி எடுத்தால் போதும் என்பதால்தான் சிடி 44.1-இல் நின்றது. வௌவாலுக்குப் பாட்டு வைப்பவர் 192 வாங்கலாம். பழைய பிசிஐ கார்டு மலிவாகக் கிடைத்தால், அது செருகும் இடம் உங்கள் போர்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் இருக்காது.

முடிபு. முதலில் ஸ்பீக்கர் ஒயரை முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்கப் பச்சைத் துளையில் செருகுங்கள், செலவு பூஜ்யம். பாட்டை நிறுத்திவிட்டு மவுஸை ஆட்டிப் பாருங்கள். இன்னும் கீச்சிட்டால் அந்த இருநூறு ரூபாய்ப் பொருளை வாங்குங்கள், அட்டையைப் படிக்காமல். உம் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் இரண்டாயிரம் மிச்சமிருந்தால் கார்டில் போடாதீர்கள், நல்ல ஸ்பீக்கராக வாங்குங்கள்.