நகைக் கடையில் பிறந்த பிஸ்டல்

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் பெரிவில் என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு குடும்பத்தின் நகைக் கடை. அதன் பின்கட்டில் 1977-இல் பில் வில்சன் என்ற கடிகாரக் கைவினைஞர் துப்பாக்கிகளைச் செப்பனிட உட்கார்ந்தார். வில்சன் காம்பாட் என்று இன்று பெயர் பெற்ற நிறுவனம் பிறந்த கதை இது. 2004-இல் அதே ஊரில் நைட்ஹாக் கஸ்டம் என்று இன்னொரு பட்டறை முளைத்தது. அங்கே ஒரு துப்பாக்கியை முதல் அரத்தேய்ப்பிலிருந்து கடைசி மெருகு வரை ஒரே ஆசாரிதான் பார்த்துக்கொள்வார். இப்படிச் சொல்லிச் செய்யும் பிஸ்டலுக்கு 3,000 டாலர், 5,000 டாலர், ஆசை மிஞ்சினால் அதற்கும் மேல் ஆகும். பணத்தைக் கட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கவும் வேண்டும். ஏன் இவ்வளவு பாடு என்று வாங்குகிறவரைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: ஞாயிற்றுக்கிழமை போட்டியில் சுடலாம், மற்ற ஆறு நாளும் தற்காப்புக்கு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். என் கட்சி வேறு. இந்த இரண்டு வேலைக்குமே அவ்வளவு விலையுள்ள பிஸ்டல் தேவையில்லை. அவர் வாங்குவது மூன்றாவது ஒரு வேலைக்கு, அது என்ன வேலை என்று பெரிவில் கடையின் முன்கட்டுக்குத் தெரியும்.

முதலில் இப்படிச் செதுக்கப்படுவது எது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட 45 காலிபர் பிஸ்டல். ஏற்றுக்கொண்ட ஆண்டே அதன் பெயராகிவிட்டது. 1985-இல் பெரெட்டா பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும் வரை ராணுவம் அதைக் கைவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் கோல்ட் ஆலை மட்டும் போதாமல் கண்ட கண்ட கம்பெனிகளுக்கும் ஆர்டர் போனது. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் எட்டு லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தது. நம் வீட்டுத் திண்ணையில் பாட்டி மிதித்த தையல் மெஷினின் சிங்கர் கம்பெனியும் 500 பிஸ்டல் செய்து கொடுத்தது. ஒரு ஆலையின் ஸ்லைடு, அதாவது நகரும் மேல்பாகம், இன்னொரு ஆலையின் சட்டத்தில் உட்கார வேண்டுமென்றால் பாகங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டாக வேண்டும். ஆகவே போர்க்காலப் பிஸ்டலை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். சேறும் மணலும் அந்த இடைவெளியில் புகுந்தன, அதன் வழியாகவே வெளியேயும் போயின. துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருந்தது.

நம் ஆசாரி முதலில் செய்வது இந்தக் கிலுகிலுப்பை சத்தத்தை ஒழிப்பதுதான். ஸ்லைடும் சட்டமும் காற்றுக்கும் வழி விடாமல் பொருந்தும்படி மணிக்கணக்கில் தேய்க்கிறார். அந்த உழைப்புக்குத்தான் விலை. ஆனால் பொருத்தம் இவ்வளவு இறுகிவிட்டதால் பிஸ்டல் ஒழுங்காக ஓட அதைக் கொஞ்சம் பழக்க வேண்டும், 500 தோட்டா சுட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். தோட்டாவுக்கு அரை டாலர் என்று வைத்தாலும் 250 டாலர். இறுக்குவதற்கு ஒரு கூலி, இறுக்கியதைத் தளர்த்த இன்னொரு கூலி! புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் கடிக்காமல் இருந்த செருப்பைப் பணம் கொடுத்துக் கடிக்க வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர் துப்பாக்கி உலகில்தான் உண்டு.

இறுக்கத்தால் குறி கூடுகிறதே என்பார்கள். கூடுகிறது, மறுக்கவில்லை. 25 யார்டில் நிதானமாகச் சுட்டால் எல்லாத் தோட்டாவும் ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று உத்தரவாதம் தரும் பட்டறைகள் உண்டு. ஆலையில் செய்த சாதாரணப் பிஸ்டல் அதே தூரத்தில் மூன்று அங்குலம் பரப்பும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இலக்கைப் பாருங்கள். ஐடிபிஏ என்ற அமைப்பின் போட்டி அட்டையில் முழு மதிப்பெண் வட்டம் எட்டு அங்குல அகலம், பெரும்பாலான சுடுதல் 15 யார்டுக்குள்ளேயே முடிந்துவிடும். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற இன்னொரு அமைப்பின் அட்டையில் முதல் மண்டலம் ஏறத்தாழ ஆறு அங்குல அகலம், பதினோரு அங்குல உயரம். எட்டு அங்குல வட்டத்துக்குள் மூன்று அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணில் படப்போகிறது? ஓடிக்கொண்டும் குனிந்துகொண்டும் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தும் சுடுகிறவரின் கை ஆடுவதே அரை அடி. அரை அடி ஆடும் கைக்கு ஓர் அங்குலத் துப்பாக்கி! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடத்தை நேராக்கிக் கொடுக்க 5,000 டாலர் வாங்குகிறார்கள், ஆட்டம் பழைய ஆட்டம்தான்.

இரண்டு வேலையும் ஒரே துப்பாக்கியில் அடங்காது என்பதற்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை, போட்டிகளின் வரலாறே போதும். 1976-இல் மிசூரி மாநிலம் கொலம்பியாவில் ஜெஃப் கூப்பர் முதல் தலைவராக ஐபிஎஸ்சி என்ற போட்டி அமைப்பு தொடங்கியபோது நோக்கம் தற்காப்பு. இடுப்பில் வைத்திருக்கும் பிஸ்டல் அவசரத்தில் எவ்வளவு உதவும் என்று சோதித்துப் பார்ப்பது. ஆனால் மதிப்பெண்ணை நேரத்தால் வகுக்கும் ஆட்டத்தில் மனிதப் புத்தி சும்மா இருக்குமா? துள்ளலைக் குறைக்கக் குழல் முனையில் காம்பென்சேட்டர் வந்தது. குறி பார்க்கச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி வந்தது. மேகசினை வேகமாக நுழைக்கக் கைப்பிடியின் அடியில் புனல் மாதிரி ஒரு வாய் வந்தது. கடைசியில் அதை இடுப்பில் மறைக்க வேண்டுமானால் மேலே ஒரு போர்வை போர்த்திக்கொள்ள வேண்டும் என்ற நிலை. பொறுக்க முடியாத சிலர் 1996-இல், மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிக்கு மட்டுமே இடம் என்று ஐடிபிஏவைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் நம் பில் வில்சன். இரண்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம் எளிது. போட்டிக்காரருக்குத் துப்பாக்கி கனமாக இருக்க வேண்டும், துள்ளாது. இடுப்பில் சுமப்பவருக்கு லேசாக இருக்க வேண்டும், கால்சட்டை இறங்காது. போட்டிக்காரர் ஒரு கிலோ அழுத்தத்தில் வெடிக்கும் விசையைக் கேட்பார். சுமப்பவருக்கு அதைப் போல் இரு மடங்கு இருந்தால்தான் வீட்டில் இருப்பவர்கள் தூங்குவார்கள்.

சுமக்கும் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் கொடுத்த தீர்ப்புக்குப் பின் வெளியில் துப்பாக்கி வைத்திருப்பது அங்கே இன்னும் எளிதாகிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே வேண்டாம். அது நல்லதா என்பது வேறு வழக்கு. சுமக்கிறவர் சௌகரியத்தை மட்டும் பார்ப்போம். எஃகினாலான முழு அளவு 1911 தோட்டாவோடு ஒன்றேகால் கிலோ. கறி வாங்கப் போகும்போது இடுப்பில் ஏற்கெனவே ஒரு கிலோ எடையோடு போகிறார். இரும்பு, உடம்பு வியர்வையில் துருப்பிடிக்கும். உறையில் நுழைத்து எடுக்க எடுக்க மெருகு தேயும். ஒரு நாள் நிஜமாகவே அதை எடுத்துச் சுட நேர்ந்தால்? சட்டப்படி நியாயமே ஆனாலும், துப்பாக்கி சாட்சியப் பொருளாகிப் போலீஸ் அலமாரிக்குள் போய்விடும். விசாரணை முடியும் வரை அந்த ஆசாரியின் கைவேலைக்கு யாரும் எண்ணெய் போட மாட்டார்கள். 500, 600 டாலர் கொடுத்து வாங்கிய க்ளாக் என்ற ஆலைப் பிஸ்டல் அங்கே கிடந்தால் மனிதர் வழக்கைப் பற்றி மட்டும் கவலைப்படுவார். இவருக்கு இரண்டு கவலை.

எதிர்க்கட்சியிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. போட்டியில் பழகிய கை நெருக்கடியிலும் அதையேதான் செய்யும், பாதுகாப்புப் பூட்டைக் கட்டைவிரல் தானாகவே தட்டிவிடும், ஆகவே இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்பார்கள். இதை ஒப்புக்கொள்கிறேன், முழுதாகவே. ஆனால் இந்த வாதம் கேட்பது ஒரே மாதிரித் துப்பாக்கியை, விலை உயர்ந்த துப்பாக்கியை அல்ல. ஆலையில் வாங்கிய சாதாரணப் பிஸ்டலுக்கென்றே ஐபிஎஸ்சி, ஐடிபிஏ இரு அமைப்பிலும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டால் கை இன்னும் நன்றாகப் பழகும். தோட்டாவே இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்து விசையை இழுத்துப் பழகுவது உயர்ந்த வீரர்களும் செய்வதுதான், அதற்குச் செலவு பூஜ்யம். பேரன் காலத்துக்கும் இருக்குமே என்று இன்னொரு வாதம். இருக்கும். கழுத்துச் சங்கிலியும் இருக்கும். இதைச் சொன்ன கணமே அவர் என் பக்கம் வந்துவிட்டார். நேரம் பார்க்கக் குவார்ட்ஸ் கடிகாரம் போதும், ஆனாலும் சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு ஆள் இருக்கிறார்கள். கைப்பிடி எஃகில் அங்குலத்துக்கு 30 கோடு வீதம் ஆசாரி கையால் அறுத்த அந்தக் குறுக்குக் கோடுகளை விரலால் தடவிப் பார்ப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நகை என்று சொல்லி வாங்குங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். ஆயுதம் என்று சொல்லி வாங்குவதுதான் சிரிப்பை வரவழைக்கிறது.

நகைதான் என்பதற்கு, உரிமையாளர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதே சாட்சி. 1911-ஐச் சுத்தம் செய்ய முதல்முறை பிரிப்பவர் ஸ்லைடு ஸ்டாப் என்ற சின்ன நெம்புகோலைத் திரும்ப மாட்டும்போது கை தவறினால், சட்டத்தின் இடப்பக்கம் பிறை போல ஒரு கீறல் விழும். அதற்கு அங்கே பெயரே முட்டாள் கீறல். அதனால் குறி தவறாது, தோட்டா சிக்காது, பகைவன் அதைப் பார்த்துத் தைரியம் கொள்ளவும் மாட்டான். ஆனாலும் அதன் விலை சரியும், உரிமையாளரின் முகம் ஒரு வாரம் விழுந்து கிடக்கும். ஆனால் 45 காலிபர் ரசிகர்களின் ஏலத்தில் விலை உச்சத்துக்குப் போவது எந்த ஆசாரியின் படைப்பும் அல்ல. அன்று தையல் மெஷின் ஆலை செய்த அந்த 500-இல் தப்பிப் பிழைத்தவை லட்சம் டாலரைத் தாண்டி விலை போயிருக்கின்றன. வாங்கியவர்கள் அவற்றை எந்தப் போட்டிக்கும் எடுத்துப் போவதில்லை, இடுப்பிலும் செருகுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத்தான் இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள்.