சறுக்குவதே ஆட்டம்

பனியே பெய்யாத ஜமைக்காவுக்குப் பனிக்கால ஒலிம்பிக்கில் என்ன வேலை?

தள்ளுகிற வேலை! பனிப்பாதையில் சறுக்கும் பாப்ஸ்லெட் வண்டியை முதல் 50 மீட்டர் வரை ஆட்கள்தான் தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏற வேண்டும். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஜமைக்காவை இதில் இறக்குவது, அங்குள்ள தள்ளுவண்டிப் பந்தயத்தைப் பார்த்த இரு அமெரிக்கர்களுக்கு உதித்த யோசனை. ஆள் பிடித்தது பெரும்பாலும் ராணுவத்தில். வண்டியோட்டி டட்லி ஸ்டோக்ஸ், ஹெலிகாப்டர் விமானி. வானத்தில் இருந்தவரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள்.

1988 கால்கரி ஒலிம்பிக்கில் கவிழ்ந்துவிட்டார்களே?

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; இங்கே சறுக்குவதுதானே ஆட்டம்? நால்வர் போட்டியின் 3-வது ஓட்டத்தில் வண்டி தலைகுப்புறப் புரண்டது. ஹெல்மெட்டுகள் பனிச்சுவரில் உரச, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் நின்றது. நால்வரும் எழுந்து, வண்டியோடு நடந்தே பாதையைக் கடந்தார்கள். தரவரிசையில் இடமில்லை; கைதட்டலுக்குக் குறைவில்லை. நால்வரில் ஒருவரான கிறிஸ், டட்லியின் தம்பி. அண்ணனை உற்சாகப்படுத்த வந்தவர், காயம்பட்டவருக்குப் பதிலாகச் சில நாள் பயிற்சியோடு ஏற்றப்பட்டார்.

சினிமாவில் வண்டியைத் தோளில் சுமந்தார்களே?

அது 1993-இல் வந்த 'கூல் ரன்னிங்ஸ்' சுமந்த சுமை. நிஜத்தில் கூடவே நடந்ததோடு சரி.

அதற்கப்புறம் ஆளைக் காணோமா?

பின்னால் திரும்பிப் பார்த்தால் காண முடியாது. முன்னால் பார்க்க வேண்டும். 1994 லில்லஹாமரில் நால்வர் அணிக்கு 14-வது இடம். அமெரிக்காவும் ரஷ்யாவும் அதற்குப் பின்னால்.